எம்டன் ஊர்த் தட்டாரைத் தேடி ஐந்து நாள்

நாள் 1: எம்டன்

எம்டன் என்று சொன்னால் நம்மில் யாருக்கும் ஓர் ஊர் ஞாபகத்துக்கு வராது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடலில் வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் வரும், இல்லாவிட்டால் “அவன் சரியான எம்டன்” என்று வீட்டில் யாரையாவது சொன்னது வரும். அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊருக்கு இன்று காலை ஓல்டன்பர்க்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கினோம், நானும் அக்காவும். அக்கா ஓல்டன்பர்க்கில் நர்ஸ், காது மூக்கு தொண்டை வார்டில் வேலை. ஐந்து நாள் லீவு போட்டு என்னோடு வந்திருக்கிறாள்.

நான் வந்தது கப்பலுக்காக இல்லை. 1584-ஐ ஒட்டி இந்த ஊரில் பிறந்து, பிறகு ஆம்ஸ்டர்டாம் போய், அங்கே பெரும் பெயர் வாங்கி, 1669-இல் இறந்துபோன யோஹானஸ் லுட்மா என்ற வெள்ளித் தட்டாருக்காக. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1656-இல் செய்த ஓர் அச்சுப்படத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். தலையில் ஒட்டிய குல்லா, தாடி, சிங்க முகம் வைத்த நாற்காலி. அந்த முகத்தைவிட, பக்கத்தில் மேசை மேல் இருந்த கிண்ணம் என் கண்ணைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக் கிண்ணம்தான், ஆனால் வெள்ளி மாதிரி இல்லை, கடலிலிருந்து இப்போதுதான் எடுத்து வைத்த ஈரமான ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. ஒரு மனிதர் சுத்தியலை வைத்துக்கொண்டு உலோகத்தை எப்படி இப்படி ஆக்கினார் என்ற கேள்வி அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான், இன்னும் விடவில்லை.

ஃப்ரீஸ்லாந்து என்பது ஒரே நாட்டுக்குள் அடங்கிய இடம் இல்லை. வடகடல் ஓரமாக நெதர்லாந்தில் தொடங்கி ஜெர்மனிக்குள் நீண்டு போகிற கரை அது. ஃப்ரீசிய மக்கள் காலம் காலமாகக் கடலோடு மல்லுக்கட்டி, கரை கட்டிக் கட்டி நிலத்தைக் காப்பாற்றி வாழ்ந்த பகுதி. எம்டன் அதன் ஜெர்மன் பக்கம், கிழக்கு ஃப்ரீஸ்லாந்து. எம்ஸ் ஆற்றின் வாயில் இருக்கிறது, எதிர்க்கரையில் நெதர்லாந்து.

லுட்மா பிறந்த சமயத்தில் எம்டன் சாதாரண ஊர் இல்லை. நெதர்லாந்தில் ஸ்பானிய ஆட்சி புராட்டஸ்டண்ட் மக்களைத் துரத்தியபோது ஆயிரக்கணக்கில் அவர்கள் ஓடிவந்த இடம் இது. வணிகர்கள் வந்தார்கள், கப்பல்காரர்கள் வந்தார்கள், கைவேலைக்காரர்கள் வந்தார்கள். 1574-இல் தொடங்கி 1576-இல் முடித்த நகர மண்டபம் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் வரைந்தது. லுட்மா பிறந்தபோது அது எட்டு வயதுக் கட்டடம். அவருக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, 1595-இல், ஊர்மக்கள் தங்கள் பிரபுவையே எதிர்த்துக் கிளம்பி அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊர்.

இன்றைக்குப் போய் நின்றால் அந்த ஊர் இல்லை. 1944 செப்டம்பர் 6 அன்று ஒரே குண்டுவீச்சில் நகரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் போய்விட்டது, மண்டபமும் போய்விட்டது. இப்போது இருப்பது 1962-இல் முடித்த புதுக் கட்டடம், பழையதை ஞாபகப்படுத்தும்படி கட்டியிருக்கிறார்கள், அதற்குள்தான் ஊர் அருங்காட்சியகம். பெரிய தேவாலயமும் 1943-இல் எரிந்தது. மிச்சச் சுவர்களை வைத்து எழுப்பிய கட்டடத்தில் 1995 முதல் ஒரு நூலகம் இயங்குகிறது. அதன் கிழக்கு வாசலுக்கு மேல் 1660-இல் செதுக்கிய கல் கப்பல் ஒன்று இன்னும் இருக்கிறது. துரத்தப்பட்ட திருச்சபைக்குக் கடவுள் இங்கே ஆறுதல் தந்தார் என்று சுற்றி எழுதியிருக்கிறது. அதன் கீழே ரொம்ப நேரம் நின்றோம். லுட்மா நடந்த தெரு எதையும் இங்கே கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் இந்த வாசகம் அவர் வளர்ந்த காற்றைச் சொல்கிறது.

மாலை ஒரு தேநீர்க் கடை. கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் தேநீர் என்பது ஒரு முறை, ஆளுக்கு வருடத்துக்கு சுமார் 300 லிட்டர் குடிக்கிறார்கள் என்றால் பாருங்கள். தூளில் பெரும்பங்கு நம் அசாமிலிருந்து வருவது. மெல்லிய பீங்கான் கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டு, அதன் மேல் சூடான தேநீரை ஊற்றும்போது கற்கண்டு ‘கிர்ர்க்’ என்று விரிசல் விடும் சத்தத்துக்குக் காதைக் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு குட்டி வெள்ளிக் கரண்டியால் பாலேடு. வளைந்த அகப்பை மாதிரிக் கரண்டி, கோப்பையின் விளிம்பை ஒட்டி உள்பக்கமாகச் சரிக்க வேண்டும், அது அடியில் போய் மேகம் மாதிரி எழும்பி வரும். கலக்கக் கூடாது. அக்கா பழக்கதோஷத்தில் ஸ்பூனை எடுத்துக் கலக்கப் போனாள், பரிமாறிய பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டி நிறுத்தினார். மூன்று கோப்பை குடிப்பது முறை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் பாலேட்டுக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு விரல் நீளம்கூட இல்லை. இந்தப் பக்கத்து மக்களுக்கு வெள்ளி என்பது கையில் பிடித்து, உதட்டில் வைத்து, தினமும் துடைத்து வைக்கிற பொருள். லுட்மாவின் வேலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதெல்லாம் உப்பு எடுக்கவும் கை கழுவவும் மது குடிக்கவும் செய்த பாத்திரங்கள்.

நாள் 2: குரோனிங்கன்

நாங்கள் போனபோது எல்லை தாண்டுவதற்கு நேர் ரயில் இல்லை. 2015 டிசம்பரில் எம்ஸ் ஆற்றின் ரயில் பாலத்தில் ஒரு கப்பல் மோதி உடைத்துவிட்டது, அதனால் லேயர் என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ் நாற்பது நிமிஷம் தாமதம். காற்றில் நிற்க முடியாமல் ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம், அக்கா ஊரிலிருந்து வந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். கிடைத்த நேரத்தில் நேற்று எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குரோனிங்கனுக்கு வந்ததற்கு ஒரே காரணம் இரண்டு லத்தீன் சொற்கள். ரெம்பிராண்டின் அந்தப் படத்தைச் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்தார்கள். முதல் அச்சில் பின்சுவர் வெறுமையாக இருக்கும். பிறகு தகட்டில் மறுபடி வேலை செய்து பின்னால் ஒரு ஜன்னல் சேர்த்தார்கள், எழுத்தும் வந்தது: ‘யோஹானஸ் லுட்மா, பொற்கொல்லர், குரோனிங்கனில் பிறந்தவர்’. எம்டன் இல்லை, குரோனிங்கன்!

ஆனால் இன்றைக்குப் பெரும்பாலான நூல்களும் காட்சியகங்களும் பிறந்த ஊராக எம்டனைத்தான் போடுகின்றன. இரண்டு ஊருக்கும் நடுவில் டொல்லார்ட் வளைகுடாவும் ஐம்பது கிலோமீட்டர் சமவெளியும்தான். அகதிகள் அந்தக் காலத்தில் இங்கும் அங்குமாக மாறிக்கொண்டே இருந்தார்கள், எது அரசாங்கம் என்பதே பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறியது. என் மனம் எம்டன் பக்கம் சாய்கிறது, அதற்காகத் தகட்டில் எழுதியதைத் தள்ளிவிடவும் மனமில்லை. எழுத்து பொறித்தவர் அவருடைய மகனாகக்கூட இருக்கலாம். ஒரு மகனுக்கு அப்பாவின் சொந்த ஊர் எது என்று தோன்றுகிறதோ அதுவும் ஒரு உண்மைதான் இல்லையா? நம் வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள், “சொந்த ஊர் எது” என்பதற்கும் “பிறந்தது எங்கே” என்பதற்கும் ஒரே பதில் வராது.

குரோனிங்கர் அருங்காட்சியகம் கால்வாய்க்கு நடுவில் வண்ணப் பெட்டிகளை அடுக்கினது மாதிரி இருக்கிறது, 1994-இல் கட்டியது. இந்த ஊர்த் தட்டார்களின் வெள்ளி அவர்கள் சேகரிப்பில் உண்டு. அப்புறம் மார்ட்டினி கோபுரம், 97 மீட்டர், மேலே ஏறினோம். வடகிழக்கில் எம்டன் எந்தத் திசை என்று அக்கா போனில் பார்த்துக் காட்டினாள். பசுமை, தண்ணீர், காற்றாலை, அதற்கப்பால் மங்கல்.

நாள் 3: லேவார்டன்

இன்று லுட்மா இல்லை, ஆனால் வழியில் இருக்கிற இந்த ஊரை விட்டுவிட்டுப் போனால் கதை பாதியாகிவிடும். லேவார்டன் நெதர்லாந்துப் பக்கத்து ஃப்ரீஸ்லாந்தின் தலைநகரம், ஃப்ரீசிய வெள்ளி என்று சொன்னாலே முதலில் வருவது இந்த வட்டாரம்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மூடிய கண்களோடு இரண்டு வெள்ளைக் குழந்தை முகங்கள், கீழே பனிமூட்டம் புகை மாதிரி வருகிறது. கொஞ்சம் தள்ளி ஊரின் சாய்ந்த கோபுரம். 1529-இல் கட்டத் தொடங்கி, சாயச் சாய நிமிர்த்திக் கட்டப் பார்த்து, சில வருடங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

ஃப்ரீசிய அருங்காட்சியகத்தில் ஹென்ரிகுஸ் போப்தாவின் வெள்ளி இருக்கிறது. 1635-இல் பிறந்து 1712-இல் இறந்த பணக்கார வக்கீல், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பக்கத்து மார்சும் கிராமத்தில் ஒரு மாளிகை வாங்கி, அதன் அருகில் ஏழைப் பெண்களுக்கு ஒரு விடுதி கட்ட ஏற்பாடு செய்து, சொத்தை அறக்கட்டளையாக வைத்துவிட்டுப் போனார். அதனால்தான் அவருடைய வெள்ளிச் சாமான்கள் பிரியாமல் இன்று வரைக்கும் ஒன்றாக இருக்கின்றன. ஒரு வீட்டின் வெள்ளி முன்னூறு வருடம் கழித்தும் சேர்ந்தாற்போல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொன்னால்தான் புரியும். வெள்ளி என்றால் காசு. போர் வந்தாலும் கடன் வந்தாலும் மோஸ்தர் மாறினாலும் முதலில் உலைக்குப் போவது வெள்ளிதான், எடை போட்டு வாங்குவார்கள், செய்கூலி அந்தத் தீயில் கரைந்துவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பாட்டியின் கொலுசை உருக்கி அம்மாவுக்கு ஒன்று, அதை உருக்கிப் பேத்திக்கு ஒன்று.

இங்கே பார்த்ததில் எனக்குப் பிடித்தது ஃப்ரீசிய பிராந்திக் கிண்ணம்தான். எட்டுப் பட்டையாக, இரண்டு பக்கமும் தட்டையான கைப்பிடியோடு. குழந்தை பிறந்த வீட்டிலும் விசேஷ வீட்டிலும் பிராந்தியில் ஊறிய உலர்திராட்சையை அதில் போட்டுச் சுற்றி விடுவார்கள், ஒவ்வொருவரும் வெள்ளிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். பட்டைகள் நேராக, ஓரங்கள் கணக்காக இருக்கின்றன. இதே கடற்கரையில் பிறந்த லுட்மாவின் கைக்கு நேர்கோடே பிடிக்கவில்லை என்பதை நாளைக்குப் பார்க்கப் போகிறோம்.

இன்னொரு விஷயம். ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியா இந்த ஊர்ப் பெண், இங்கே மேயராக இருந்தவரின் மகள், 1612-இல் பிறந்தவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது 1634-இல், இதே மாநிலத்தின் சிந்த் அன்னாபரோகி கிராமத்தில். லுட்மாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்த யாக்கோப் பாக்கர் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹார்லிங்கனில் பிறந்தவர், தொழில் கற்றது லேவார்டனில். ஆம்ஸ்டர்டாம் பெரிய நகரம்தான், ஆனால் ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களைத் தேடிக்கொள்வார்கள் என்று படுகிறது. எனக்கும் ப்ரேமனில் முதல் அறை பார்த்துக் கொடுத்தது ஒரு மதுரைக்காரர்தான்.

நாள் 4: ஆம்ஸ்டர்டாம்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, இரவு மணி பதினொன்று, அக்கா தூங்கிவிட்டாள்.

காலையில் ரெம்பிராண்ட் வீடு. 1639-இல் 13,000 கில்டருக்கு (அந்தக் கால டச்சு நாணயம்) வாங்கி, கடனைக் கட்ட முடியாமல் 1656-இல் திவாலாகி, பிறகு இழந்த வீடு. லுட்மாவின் படம் அந்த 1656-இல் செய்ததுதான். வீடே கையை விட்டுப் போகத் தொடங்கிய வருடத்தில் இவ்வளவு நிதானமான ஒரு படம். அதை இன்று நேரில் பார்த்தேன், ஒரு பள்ளி நோட்டின் பக்கத்தைவிடச் சின்னது, இருபது சென்டிமீட்டர் உயரம்கூட வராது. கண்ணை நன்றாகக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். மேசையில் அந்தக் கிண்ணம், பக்கத்தில் உளிகள் செருகிய குவளை, ஒரு சுத்தியல். ஒரு கையில் சிறிய வெள்ளி உருவம் ஒன்றைப் பிடித்திருக்கிறார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. எழுபது தாண்டிய கண்கள், எங்கோ அரைகுறையாகத் திறந்திருக்கின்றன. பார்வை மங்கிப்போயிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை செய்யும்போது பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணை ஓய்வுக்கு விட்டது மாதிரித்தான் இருக்கிறது. பிடித்திருக்கிற விரல்கள் தளரவே இல்லை, பொருளின் எடை விரலில் தெரிகிறது.

கீழ் அறையில் ஒரு பெண் செப்புத் தகட்டில் அச்செடுப்பதைச் செய்து காட்டினார். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு, ஊசியால் கீறல், கீறின இடத்தை அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில் மை நிற்கும், ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். உலோகத் தகட்டில் கீறுவது முதலில் தட்டார்களின் வேலை, தகட்டிலிருந்து படம் அச்சடிக்கும் வித்தை அவர்கள் பட்டறையிலிருந்து கிளைத்ததுதான். அப்படிப் பார்த்தால் ஒரு தட்டாரைத் தகட்டில் கீறும்போது ரெம்பிராண்ட் அவருடைய தொழிலுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறார்.

பிறகு ரைக்ஸ்மியூசியம், நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம். நேராக வெள்ளிப் பக்கம் போனோம்.

லுட்மாவுக்கு முன்னால் இரண்டு அண்ணன் தம்பிகளைச் சொல்லியாக வேண்டும், யூட்ரெக்டைச் சேர்ந்த பாவுலுஸ், ஆடம் ஃபன் ஃபியானன். பாவுலுஸ் பிராகில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அரண்மனையில் வேலை பார்த்து 1613-இல் இறந்துபோனார். அவர் ஞாபகமாக ஆம்ஸ்டர்டாம் தட்டார் சங்கம் ஆடமிடம் ஒரு கூஜா கேட்டது, 1614-இல் அவர் செய்து கொடுத்தது இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. ஒரே வெள்ளித் தகட்டிலிருந்து அடித்து அடித்து எழுப்பியது. அடியில் ஒரு குரங்கு குந்தியிருக்கிறது, மேலே போகப் போகத் தசை போலவும் அலை போலவும் புரண்டு, எங்கே கைப்பிடி தொடங்குகிறது எங்கே வயிறு முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை.

இந்தப் பாணிக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘க்வாப்’. தொங்குகிற சதை என்று பொருள், மாட்டின் கழுத்தடியில் தொங்குமே அதுவும் க்வாப்தான். அதற்குத் தமிழில் அலைதாடி என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! அலையும் வந்துவிடுகிறது, சதையும் வந்துவிடுகிறது. ஜெர்மனியில் இதையே காதுமடல் பாணி என்கிறார்கள். அக்கா கண்ணாடிக்கு மூக்கு முட்ட நின்றுகொண்டு, “டேய், அவங்க சொல்றது சரிதான்டா. இது ஹெலிக்ஸ், இந்த மேடு ஆன்டிஹெலிக்ஸ், இதோ ட்ரேகஸ். நான் தினமும் பார்க்கிறது இது” என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அதற்கப்புறம் எனக்கு எல்லாவற்றிலும் காதாகவே தெரிந்தது.

எப்படிச் செய்வார்கள் என்பதைச் சொல்கிறேன், இதுதான் எனக்கு ஆச்சரியமே. தட்டையான வெள்ளித் தகடு. அதைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் வட்டம் வட்டமாக அடித்துக்கொண்டே வந்தால் தகடு மெல்ல எழும்பிப் பாத்திரமாகும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிக்கொண்டே போகும், இன்னும் ஒரு அடி விழுந்தால் கிழியும் என்கிற நிலையில் நெருப்பில் காட்டி இளக வைக்க வேண்டும், மறுபடி அடி, மறுபடி நெருப்பு. உரு வந்ததும் உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி நிரப்பி, வெளியிலிருந்து மழுங்கிய உளிகளால் தட்டித் தட்டி நகாசு எடுக்க வேண்டும். உளி வெட்டுவதில்லை, தள்ளுகிறது. ஒரு துளி வெள்ளி போகாது, இங்கே பள்ளமானால் அங்கே மேடாகும், அவ்வளவுதான். களிமண்ணைப் பிசைகிற மாதிரித் தெரிகிற அத்தனையும் குளிர்ந்த உலோகத்தில் ஆயிரக்கணக்கான சின்ன அடி.

லுட்மா 1621-இல், சுமார் 37 வயதில் ஆம்ஸ்டர்டாம் வந்து நிலைத்தவர். ஃபன் ஃபியானன் சகோதரர்களின் வழியில்தான் வந்தார், ஆனால் அவர்களை நகல் எடுக்கவில்லை. 1647-இல் செய்த கூஜாவும் தாம்பாளமும் முன்னால் போய் நின்றபோது அது பளிச்சென்று புரிந்தது. ஆடமின் கூஜாவில் கண்ணுக்கு உட்கார இடம் கிடையாது, எல்லாம் நகர்கிறது. லுட்மாவிடம் வழுவழுப்பான பெரிய வெற்றிடம் இருக்கிறது, கண்ணாடி மாதிரி, அதில் அறையின் ஜன்னலே தெரிகிறது. புரளல் எல்லாம் ஓரத்துக்கும் கைப்பிடிக்கும் போய்விட்டது. அமைதியான தண்ணீரின் கரையில் மட்டும் நுரை இருப்பது மாதிரி. விருந்தாளியின் கையில் கூஜாவிலிருந்து வாசனைத் தண்ணீர் ஊற்றித் தாம்பாளத்தில் பிடிப்பார்களாம். தண்ணீர் ஊற்றுகிற பாத்திரத்தைத் தண்ணீராகவே செய்திருக்கிறார். ஆடமின் கூஜாவுக்கு முன்னால் மலைத்துப்போய் நின்றேன், அதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்றைத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் லுட்மாவைத்தான் கேட்பேன். விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும், நகாசு தெரிந்தவன் நகாசு வைக்காமல் நிறுத்துவது லேசில்லை.

1639-இல் செய்த உப்புக் கிண்ணங்கள் சின்னவை. குண்டுக் குழந்தை ஒன்று மேலே உப்புக் கிண்ணத்தைத் தாங்குகிறது, கிண்ணம் சிப்பி மாதிரி விரிகிறது, இடையிடையே பொன் முலாம். அந்தக் காலத்தில் மேசையில் உப்பு வைப்பது மரியாதைக்குரிய விஷயம், உப்புக்கென்று இவ்வளவு வேலை. இவற்றைச் செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவருடைய பேர் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை ஐம்பதுக்கு மேல் வந்தவை.

மாடியில் பாக்கர் வரைந்த ஜோடிப் படங்கள், லுட்மாவும் இரண்டாம் மனைவி சாரா டெ பீயும். 1640-களில் வரைந்தது. இங்கே அவர் கிழவர் இல்லை, கறுப்பு உடையில் நல்ல வசதியான மனிதர். கூடவே சுத்தியலும் ஓர் உப்புக் கிண்ணமும். பணக்காரர்கள் படத்தில் கையுறை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இவர் சுத்தியலைப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சொன்னேன், “பாருக்கா, கூலி வேலை செய்யற சாமானை மறைக்கல.” அவள், “ஏன்டா மறைக்கணும்? என் ஸ்டெதஸ்கோப்பை நான் கழுத்துல போட்டுக்கிட்டுதானே போட்டோ எடுத்தேன்” என்றாள். சரிதான்.

நேற்றைய விஷயத்துக்கே திரும்ப வருகிறேன். லுட்மா ஆம்ஸ்டர்டாமில் இருந்தது கிட்டத்தட்ட ஐம்பது வருடம், அதில் மிஞ்சியிருக்கிற வெள்ளி கொஞ்சம்தான். போப்தா மாதிரி ஓர் அறக்கட்டளை அவர் வேலைக்கு வாய்க்கவில்லை, போனது எல்லாம் உலைக்குப் போனது. காப்பாற்றியது காகிதம். மகன் யாக்கோப் அப்பாவின் அலங்கார வடிவங்களைத் தகட்டில் கீறி அச்சாக வெளியிட்டார், அதைப் பார்த்து மற்றப் பட்டறைகளும் மரவேலைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு மகன், 1624-இல் பிறந்தவர், அவர் பெயரும் யோஹானஸ் லுட்மாதான், ஒரு படி மேலே போனார். ஊசியும் அமிலமும் வேண்டாம் என்று, அப்பாவின் தொழில் சாமானான உளியையும் சுத்தியலையும் எடுத்துச் செப்புத் தகட்டில் புள்ளி புள்ளியாகத் தட்டியே முகங்களை உண்டாக்கினார். 1681-இல் அப்படி நான்கு முகங்கள்: கவிஞர் ஹூஃப்ட், கவிஞர் ஃபொண்டெல், தன் முகம், தன் அப்பா முகம். அதன் கீழே லத்தீனில் ‘சுத்தியலின் வேலை’ என்று பொறித்திருக்கிறார்.

அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, அப்பாவின் சத்தத்தை எழுப்பிக்கொண்டே அப்பாவின் முகத்தைச் செய்திருக்கிறார். டக், டக், டக். இதை ரயிலில் படித்தபோதே தொண்டை அடைத்தது, இப்போது எழுதும்போதும்.

நாள் 5: நியூவ கெர்க்

ஊர் திரும்பும் நாள். காலையில் தாம் சதுக்கத்தில், அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிற நியூவ கெர்க், அதாவது புதிய தேவாலயம். பெயர்தான் புதிது, பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடம். இப்போது கண்காட்சிகள் நடத்துகிறார்கள், டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

1645 ஜனவரியில் இது பற்றி எரிந்தது. மறுபடி கட்டினபோது உள்ளே வைக்க வேண்டியவற்றுக்கு நகரத்தின் முதல்தரக் கைகளைத் தேடினார்கள். பிரசங்க மேடைக்கு ஆல்பெர்ட் ஃபிங்கன்பிரிங்க் என்ற மரச் சிற்பி, பதினைந்து வருடம் அதிலேயே உட்கார்ந்து 1664-இல் முடித்தார். கோயிலின் நடுக்கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பித்தளைத் தடுப்பு வேண்டும் என்றபோது லுட்மாவைக் கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர், கைக்கு அடங்கும் கிண்ணங்கள் செய்து வந்தவர், வாழ்நாளிலேயே பெரிய வேலைக்கு ஒத்துக்கொண்டார்.

நான் எதிர்பார்த்தது ஒரு கனமான இரும்புக் கேட் மாதிரி ஏதோ ஒன்று. வந்து பார்த்தால், கடைந்த பித்தளைத் தூண்கள் வரிசை வரிசையாக, அவற்றுக்கு மேலே அந்த அலைதாடி. உப்புக் கிண்ணத்தில் சுண்டுவிரல் அளவுக்கு இருந்த மடிப்பு இங்கே ஒரு ஆள் கை நீளத்துக்குப் பெரிதாகி, காது காதாக மேலே ஏறிச் சுருள்கிறது. பித்தளையைத் தேய்த்து மின்ன வைத்திருக்கிறார்கள். பெரிய ஜன்னல்களிலிருந்து வரும் வெளிச்சம் மேகம் நகர நகர மாறிக்கொண்டே இருக்கிறது, அது மாறும்போது மடிப்புகள் மெல்லப் புரளுகிற மாதிரி ஒரு தோற்றம். தூண்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் உள்ளே கடற்படைத் தலைவர் டெ ரைட்டரின் சலவைக்கல் சமாதி, 1681-இல் ரோம்பௌட் ஃபெர்ஹுல்ஸ்ட் செய்தது. முன்பு பலிபீடம் இருந்த இடத்தில் இப்போது அவர் படுத்திருக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் தடுப்பின் ஊடாக அவரைப் பார்க்கிறார்கள், அவரைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று கவனித்தேன். லுட்மா செய்ததன் வழியாகப் பார்த்துவிட்டு, லுட்மாவைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

ஒரு வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், எட்டு வயது இருக்கும். ஒரு சிறுமி மட்டும் வரிசையிலிருந்து விலகி, பித்தளையில் தன் முகம் நீண்டும் குறுகியும் தெரிவதைப் பார்த்து இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தாள். டீச்சர் கூப்பிட்டார், அவள் போகவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டதும் ஓடினாள், ஓடும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

அக்கா பக்கத்தில் வந்து, “எங்கடா காது?” என்று கேட்டாள். மேலே மூன்றாவது தூணுக்கு நேராகக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் காதைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மேட்டையும் சரிபார்த்துக்கொண்டாள். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.